மேனேஜரின் வளைந்த விரல்

அவருடைய வலது கைச் சுண்டுவிரல் நேராக இருந்து நான் பார்த்ததில்லை. நடுக்கணுவில் முறிந்து, கட்டுப் போடாமலேயே கூடிப்போன விரல் அது. உள்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும். டீக்கிளாசைப் பிடித்தால் அது மட்டும் அடிப்பக்கம் போய்த் தாங்கிக்கொள்ளும். எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் அவரைத் தெரிந்த பலருக்கும் அவருடைய முழங்கால்தான் ஞாபகத்துக்கு வரும், ஏனென்றால் கபடி ஆடிக்கொண்டிருந்தவரை டீம் மேனேஜராக்கி வெளியே நிற்க வைத்தது அந்த முழங்கால். எனக்கு அந்த விரல்தான். ஏழு வருஷம் என் இடது உள்ளங்கையின் ஓரத்தில் அது பேசியது, நான் கேட்டேன். அப்புறம் இருபத்தைந்து வருஷம் அந்த மனிதரை நம்பாமல் இருந்தேன்.

கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிராளி கபடி கபடி என்று பாடிக்கொண்டு வரும்போது பிடிக்கிறவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நிற்பார்கள். அதற்குச் செயின் என்று பெயர். களத்தின் இடது மூலையில் அவர் நிற்பார், கார்னர். அவருக்கு அடுத்து நான், லெஃப்ட் இன். அவருடைய வலது கையும் என் இடது கையும் கோத்திருக்கும். வாயைத் திறந்தால் எதிராளிக்குக் கேட்டுவிடும், கண்ணைக் காட்டினால் அவன் புரிந்துகொள்வான். அதனால் நாங்கள் கைக்குள்ளேயே ஒரு பாஷை வைத்திருந்தோம். அந்த வளைந்த விரல் என் சுண்டுவிரல் பக்கம் ஒரு தடவை அழுத்தினால், வா, சேர்ந்து பாயலாம். இரண்டு தடவை என்றால், பொறு. இருவரில் யார் கையைத் தளர்த்தினாலும், இவனை விட்டுவிடு, போகட்டும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு கடலூர் பக்கம் நாங்கள் கவிழ்க்காத பாட்டுக்காரர்கள் குறைவு. எதிர் டீம்காரர்கள் எங்களுக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மீதி விளங்காது. நான் சந்தேகப் பிராணி. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். இருபது வயதில் காண்ட்ராக்டில் மைன்ஸுக்கு வந்தேன். நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ஷிப்ட் முழுக்க நடப்பது வேலை. ஆயிரக்கணக்கான ரோலர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் எது கெடப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்துச் சந்தேகப்பட்டுச் சொல்ல வேண்டும். நன்றாக ஓடுகிற ரோலரை நம்புகிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு கழுவி வைத்திருக்கிறாள் என்று மனைவியைத்தான் சந்தேகப்படுவேன். டீமில் எனக்குத் தோமா என்று பெயர் வைத்தவரே அவர்தான். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஆண்டவரையே நம்பாத அந்தச் சீஷனின் கதையை நானே அவருக்கு ஒரு தடவை பஸ்ஸில் சொல்லி மாட்டிக்கொண்டேன். "அவரு தொட்ட பெறவாச்சும் நம்புனாரு. நீ தொட்டாலும் நம்ப மாட்ட" என்பார்.

அவர் வடக்குத்துக்காரர். டவுன்ஷிப் சுவரை ஒட்டிய ஊர். அந்த ஊரில் பொங்கல் என்றால் கரும்பு, அதற்கடுத்து கபடி. ஊர் டீமில் ஆடிக்கொண்டிருந்தவரை டவுன்ஷிப் டீமுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனென்ட் வேலை கிடைத்தது, பிறகு மாடிக் குவார்ட்டர்ஸ். அவர் உடம்பு பெரியதல்ல. ஆனால் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். பாடி வருபவன் தோளை ஆட்டுவான், தலையை ஆட்டுவான், அவர் எதையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "மூஞ்சி பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பது அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்னது. முப்பத்து மூன்று வயதில் முழங்கால் பிசகியது. ஆபரேஷனுக்குப் பிறகு களத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சீசனில் அவர் கோட்டுக்கு வெளியே நின்றார், கழுத்தில் துண்டு, கைகள் முதுகுக்குப் பின்னால். மேனேஜர்.

என் சந்தேகம் தொடங்கியது அந்தக் கைகளில்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஏழு வருஷம் என் கைக்குள் இருந்த விரலை இப்போது முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. அதிகம் பேசவும் மாட்டார். ஆட்டக்காரராக இருந்தபோது எனக்கு மட்டும் சொன்னதை இப்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். தன் இடத்துக்கு ஒரு கார்னரைக் கொண்டுவந்தார். அவரும் வடக்குத்து. எங்கள் கைப் பாஷையை அந்தப் புதியவருக்கு அவரே சொல்லிக் கொடுத்தபோது எனக்குச் சுருக்கென்றது. பொண்டாட்டிக்கு எழுதிய கடிதத்தை ஊரார் முன்னால் படித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அடுத்து என் இடத்துக்கும் அவர் ஊரிலிருந்தே ஒருவர் வருவார் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அந்த முடிச்சினால்தான் முழங்கை விஷயத்தை மறைத்தேன். ஒரு பிராக்டிஸில் இடது முழங்கை தரையில் மோத விழுந்தேன். வலி பத்து நாளில் போய்விட்டது, ஆனால் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும், உள்ளங்கையின் அந்த ஓரமும் மரத்துப் போய்விட்டன. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். மேனேஜரிடம் சொன்னால் உட்கார வைத்துவிடுவார், உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. புதிதாகக் கல்யாணம் ஆகி மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது வரம்பு தாண்ட ஒரு வருஷம்கூட இல்லை. வடக்குத்தில் நடக்கும் அந்தப் பொங்கல் டோர்னமென்ட் ஃபைனலைப் பார்க்க செலக்‌ஷன்காரர்கள் வருவதாகப் பேச்சு. பர்மனென்ட் ஆவதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அந்த வருஷம் எனக்குத் தலைப் பொங்கல். பெண் எடுத்தது வடக்குத்தில். மாமனார் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிடாமல் வர முடியாது, வந்தால் அவமானம். போதாக்குறைக்கு என் மைத்துனன்தான் வடக்குத்து டீமின் முதல் பாட்டுக்காரன். மாட்டுப் பொங்கலன்று அவனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போனேன். வழியில் எங்கள் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. மறுநாள் ஃபைனலில் எங்களுக்கு எதிரே நின்றது வடக்குத்து.

முதல் பாதி முடியும்போது நான்கு பாயின்ட் முன்னால் இருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் செலக்‌ஷன்காரர்கள் இருவர், எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் மைத்துனன் என் பக்கமே பாடி வர ஆரம்பித்தான். நான் கார்னரின் கைக்காகக் காத்திருந்தேன். ஒரு அழுத்தம் வந்தால் பாய்வதற்குத் தயார். வரவில்லை. மைத்துனன் உள்ளே வந்து போனஸ் கோட்டை மிதித்தான், அப்போதும் வரவில்லை. அடுத்தாற்போல் கை பிரிந்தது. கார்னர் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். நான் தனியாக நின்றேன், மைத்துனன் என் தொடையைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். திரும்ப உள்ளே வந்து நின்ற பிறகு அதேபோல் இன்னொரு தடவை. அழுத்தம் இல்லை, கை பிரிந்தது, நான் அவுட். கார்னரைப் பார்த்து, "ஏன்டா வுட்ட?" என்று கத்தினேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அதற்குள் கோட்டுக்கு வெளியிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "தோமா, நீ வெளிய வா. இனி எறங்க வேணாம்."

எட்டு நிமிஷம் மிச்சமிருந்தது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பாயின்ட்டில் தோற்பதைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் செலக்‌ஷன்காரர்கள் மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என் பக்கம் கை காட்டி ஏதோ கேட்டதும் தெரிந்தது. அவருடைய உதடு அசையவில்லை. அன்று பர்மனென்ட்டுக்குப் போன பெயர்களில் அந்தக் கார்னரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அன்று வடக்குத்தில் ஜெயித்த டீமுக்குக் கறிச்சோறு போட்டார்கள். அங்கே எங்கள் மேனேஜருக்கு ஊர்க்காரர்கள் சால்வை போர்த்தியதாக என் மாமியார் வெள்ளை மனதோடு வந்து சொன்னார். தோற்ற டீமின் மேனேஜருக்கு ஜெயித்த ஊர் எதற்குச் சால்வை போடும்? இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? கார்னரிடம் சொல்லிப் பிடியைத் தளர்த்த வைத்தது அவர்தான் என்று முடிவு கட்டினேன். சொந்த ஊர் ஜெயிக்க வேண்டும், சொந்த ஊர்க்காரன் பர்மனென்ட் ஆக வேண்டும், நடுவில் நான் ஒரு மேல்பட்டாம்பாக்கத்தான்.

அதற்குப் பிறகு அவர் மேனேஜராக நன்றாகவே வளர்ந்தார் என்பதை நான் மறுக்க முடியாது. மண்ணில் ஆடிப் பழகியவர்களை ரப்பர் மேட் விரிப்புக்கு மாற்றினார். மாவட்ட டீமைக் கூட்டிக்கொண்டு வெளியூரெல்லாம் போனார், கோப்பையோடு திரும்பினார். ஸ்கூல் பெண்களுக்கு ஒரு டீம் ஆரம்பித்து, கபடி ஆடினால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்ற தகப்பன்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இதையெல்லாம் மற்றவர்கள் பாராட்டும்போது நான் ரோலர் சத்தம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன், எங்கே கரகரப்பு வருகிறது என்று. வடக்குத்து டோர்னமென்ட்டுக்கு மட்டும் அவர் அதற்குப் பிறகு எந்த டீமையும் கூட்டிப்போகவில்லை. அதுவும் எனக்குக் கணக்கில் வந்தது. குற்றவாளிக்குத்தானே அந்தப் பக்கம் போகக் கால் கூசும்? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எதிரே பார்த்தால், "நல்லா இருக்கியா?" என்பார். "இருக்கேங்க" என்பேன். அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், நான் காண்ட்ராக்டர் மாறி மாறி அதே பெல்ட்டின் ஓரம் நடந்தேன். பர்மனென்ட்காரர்களின் பஸ் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும்.

போன மாதம் அவர் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடக்குத்தில் கட்டி வைத்திருந்த வீட்டுக்குச் சாமான் போகிறது, பழைய டீம் ஆட்கள் வந்து ஒரு கை கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார். எனக்கும் ஆள் வந்தது. நான் போவதாக இல்லை. என் மனைவி விடவில்லை. "எங்க ஊரு மனுசன். கூப்ட்டும் போவலன்னா நாளைக்கி நம்ம வூட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவாங்க? இருவத்தஞ்சு வருசமா மொகத்த தூக்கி வெச்சிகினு இன்னாத்த கண்ட?" என்றாள். போனேன். பெரும்பாலான சாமான்கள் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மாடியில் இரும்பு பீரோ மட்டும் நின்றது. "புடிடா, நாமளே எறக்கிடலாம்" என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறங்கினோம். நான் மேலே, அவர் கீழே.

பாதிப் படியில் பீரோ ஒரு பக்கமாகச் சரிந்தது. "வுட்டுட்டீங்களே" என்று நான்தான் கத்தினேன். முழங்கால் முட்டுக் கொடுத்து அவர் அதைத் தாங்கி, படியிலேயே சாய்த்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு. அவருடைய இரண்டு கைகளும் பீரோவின் அடிவிளிம்பைப் பிடித்தபடியே இருந்தன, வளைந்த விரல் உட்பட. அவர் என் இடது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்களும் விரிந்து கிடந்தன. பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பேன். என் கை விட்டது எனக்கே தெரியவில்லை.

"இன்னாடா கையி?" என்றார்.

"மரத்துப் போச்சுங்க. பழசு. முழங்கையில பட்டது."

"எப்ப?"

சொன்னேன். அந்தப் பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்னால். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "கார்னர் உன்ன அமுக்கிகினே இருந்தான்டா. ஒண்ணு குடுத்தேன், ஒண்ணு குடுத்தேன், இவரு கைய தளர்த்திட்டாருன்னு ஆட்டம் முடிஞ்சி அழுதான். நானும் பாத்தேன். உன் கைதான் மொதல்ல வுட்டது. ரெண்டு தபா. தலப் பொங்கல் தின்னுட்டு, மச்சான் பைக்குல சுத்திட்டு வந்து, மச்சானுக்காவ வுட்டுட்டன்னு நெனச்சேன். கால பாரு, கால பாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன், அன்னிக்கி உன் கைய பாத்து ஏமாந்துட்டேன்."

கார்னர் அழுத்தியிருக்கிறார், மரத்த ஓரத்தில் அழுத்தியிருக்கிறார். நானே தளர்த்திவிட்டு அவரைப் பார்த்து ஏன் விட்டாய் என்று கத்தியிருக்கிறேன். மேனேஜர் தொடர்ந்தார். "செலக்‌ஷன்ல வந்தவங்க கேட்டாங்க, அந்த லெஃப்ட் இன் எப்பிடின்னு. நான் வாயத் தொறக்கல. நல்லவன்னும் சொல்லல, கெட்டவன்னும் சொல்லல."

அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் நானும் இப்படி ஒரு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருப்பேன். "ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாமேண்ணே" என்றேன். கோபத்தில் அண்ணே வந்துவிட்டது. "நீ ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமேடா, கை இப்பிடின்னு" என்றார். உங்கள் மேல் சந்தேகம் இருந்தது, அதனால் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? கையைக் காட்டியிருந்தால் உட்கார வைத்திருப்பார், வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பார். பர்மனென்ட் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். இருபத்தைந்து வருஷம் ஒருவரை ஒருவர் துரோகி என்று நினைத்துக்கொண்டு சந்தையில் நல்லா இருக்கியா கேட்டிருக்க மாட்டோம்.

உண்மையைச் சொன்னால், அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுகூட என் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்தச் சால்வை? அதற்கு மட்டும் விளக்கம் வரவில்லையே? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அறுபது வயது மனிதர் ஒருவர், ஒற்றை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, என்னைப் பார்க்க முடியாமல் காலி வீட்டின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பொய் சொல்லும் என்றவர் அவர்தான். காலைப் பார்த்தேன். கால் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. சால்வையைக் கேட்காமல் விட்டேன்.

கீழே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். எழுந்திருக்கத் தடுமாறியவருக்குக் கை நீட்டினேன், பழக்க தோஷத்தில் இடது கையை. வலது கையால் பிடித்து எழுந்தவர் பிடித்த கையை உடனே விடவில்லை. அந்த வளைந்த விரல் பழைய இடத்துக்கே வந்து, என் சுண்டுவிரல் பக்கம் படிந்தது. அவருடைய கணு வெளுப்பதைக் கண்ணால் பார்த்தேன். அழுத்துகிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எத்தினி தபாண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுடா" என்றார்.

சரிபார்க்க எனக்கு வழியில்லை. நம்பினேன். இருவரும் இடம் மாறிப் பீரோவைத் தூக்கினோம்.